வலது கண்ணின் அழுத்தம்

கண் பரிசோதிக்கும் கருவியின் தாங்கியில் முகவாயை வைத்தார். நெற்றியை முன்னாலிருந்த பட்டையில் ஒட்டினார்.

இன்றைக்கும் கண்ணில் அழுத்தம் குறைவாகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

பைத்தியக்காரத்தனம்தான். அது அவருக்கும் தெரியும்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலது கண்ணில் அழுத்தம் இறங்கிப்போயிற்று. காற்றுப் போன பந்து மாதிரி கண் தொய்ந்துகொண்டே வந்தது. இப்படியே விட்டால் பார்வை போய்விடும் என்றார் டாக்டர். கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டு, கெட்டியான திரவம் ஒன்றை ஏற்ற வேண்டும். மாதம் ஒருமுறை.

முதல் ஊசிக்கு அவர் நடுங்கிய நடுக்கத்தில் கட்டிலே ஆடியது.

அப்போதுதான் சிஸ்டர் பாக்கியசீலி தலைமாட்டில் வந்து நின்றாள். இரண்டு கைகளாலும் அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணாச்சி, அசையப்பிடாது. நான் இருக்கேன்லா.”

ஊசி இறங்கியதே தெரியவில்லை.

மனைவி போன பிறகு அவரை யாரும் தொட்டதில்லை. மீதிச் சில்லறை தரும்போது கடைக்காரர் விரல் பட்டால் உண்டு.

அதிலிருந்து, ஊசி நாள் என்றால் காலையிலேயே குளித்து, சலவைச் சட்டை போட்டு வருவார். தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டார். அவள் கை பிசுபிசுக்கக் கூடாதே.

கூட யார் வந்திருக்கிறார்கள் என்று அவள் கேட்டால், கீழே டீ குடிக்கப் போயிருக்கிறார்கள் என்பார். ஒருநாளும் யாரும் மேலே வந்ததில்லை. அவளும் துருவிக் கேட்டதில்லை.

டாக்டர் கருவியை நகர்த்தினார். மறுபடியும் ஒருமுறை அளந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அழுத்தம் இப்பத் தானாவே நிக்குது. நல்லாருக்கு. இனிமே ஊசி வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும்.”

பக்கத்தில் நின்ற பாக்கியசீலி கைதட்டாத குறைதான்.

கண் பிழைத்துவிட்டது. அவரும் சந்தோஷப்படத்தான் பார்த்தார். வரவில்லை.

வெளியே அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் தாங்கியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

“டாக்டர்…”

ஒரு குறையும் இல்லாத இடது கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

“இதுவும் ஒரு வாரமாத் தொய்ஞ்ச மாதிரி இருக்கு. இதுல ஒரு ஊசி போட்டுப் பாக்கலாமா?”