காதைப் பிடிச்சுக்கோ

என் அம்மா வெர்னெல்லைச் சந்தி சிரிக்க வைத்தவள் நான்தான்.

டெட்ராய்ட்டில் என் கண்காட்சி தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை. கூடத்தின் நடுவில் ஒரு பழைய கேஸ் அடுப்பு. அதன்மேல் எங்கள் வீட்டுப் பித்தளைச் சீப்பு, அடுப்பில் காய வைத்துச் சுருள்முடியை இழுத்து நேராக்குகிற சீப்பு. பக்கத்தில் பிளாஸ்டரில் நான் வார்த்த அம்மாவின் இரண்டு கைகள், உள்ளங்கை மேலே பார்க்க.

வார்க்கும்போதே கேட்டேன்: "வலது கையில இதென்னம்மா வரிவரியா?"

"அடுப்படியில கிடந்த கைடி. வழவழன்னா இருக்கும்?"

அதோடு விட்டுவிட்டேன்.

சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்: 'எனக்கு ஐந்து வயது. காதைப் பிடிச்சுக்கோ என்றாள் அம்மா. பிறகு சுட்டாள். கறுப்புப் பெண்ணின் முடி அசிங்கம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவை இந்தக் கைகள்தான்.'

என் காதோரம் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

சர்ச் முடிந்ததும் ஊதாத் தொப்பியோடு அம்மா வந்தாள். கூடவே லூரலின் சித்தி. சுவரில் இருந்ததை அம்மா ஒரு வரி விடாமல் படித்தாள்.

"எழுத்து நல்லா பெரிசா இருக்கு. கண்ணாடி இல்லாமலே படிக்க முடியுது," என்றாள். அவ்வளவுதான்.

யாரென்று தெரியாமல் ஒரு கல்லூரிப் பெண் அம்மாவிடமே கேட்டாள். "ஏன் ஆன்ட்டி, பெத்தவ இப்படிப் பண்ணுவாளா? என்ன பொம்பளை இவ?"

"தப்புதாம்மா. இன்னும் கவனமா இருந்திருக்கணும்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். இவர்தான் என் அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லப்போனால் ஒரு திருப்தி. ஒருவழியாக ஒத்துக்கொண்டாளே!

சித்திக்குத்தான் பொறுக்கவில்லை. "வெர்னெல், நீ வாயைத் திறக்கறியா, நான் திறக்கட்டுமா?"

"உனக்குப் பசி. வா, அங்க கேக் வச்சிருக்காங்க."

"கேக்கும் வேணாம், கீக்கும் வேணாம்! அடியே காரிட்டா, உன் அஞ்சு வயசுல, அந்த ஈஸ்டருக்கு நீ சர்ச்ல பாட்டு ஒப்பிக்கணும். உங்கம்மா உன் முடியை அழகா பின்னிவிட்டா. 'கடவுள் கொடுத்த முடி, இதுல சீப்பு வைக்க மாட்டேன்'னு ஒத்தைக்கால்ல நின்னா. நீ என்ன பண்ணே?"

"என்ன பண்ணேன்?"

"மத்த பொண்ணுங்க மாதிரி நேரா வேணும்னு தரையில உருண்டே. எனக்காகக் காய வச்சிருந்த சீப்பு அது. அவ அந்தண்டை திரும்பினதும் நாற்காலி மேல ஏறி, நீயே எடுத்து இழுத்துக்கிட்டே."

"பொய்! நான் கத்திட்டுக் கண்ணைத் திறந்தப்போ சீப்பு அம்மா கையிலதான் இருந்துச்சு."

"இருக்காதா பின்னே? பிடுங்கினதே அவதானே! நீ மறுபடி சுட்டுக்கப் போறேன்னு பயந்துதான், அப்புறம் சனிக்கிழமை தவறாம 'காதைப் பிடிச்சுக்கோ'ன்னு அவளே இழுத்துவிட்டா."

அம்மா தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "விடு லூரலின். இத்தனை வருஷமா அதை நம்பித்தான் இவ்வளவு பெரிய ஆளாயிருக்கா. இப்போ போய் எதுக்கு?"

அந்தக் கல்லூரிப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மானம் போகிற மாதிரி இருந்தது.

"சித்தி எப்பவும் இப்படித்தான், கதை அளப்பாங்க," என்றேன் அவளிடம், சிரித்துக்கொண்டே.

அம்மா என்னைப் பார்த்தாள். கையுறையை மாட்டிக்கொண்டு சித்தியோடு வெளியே நடந்தாள்.

பாவி, அப்போதாவது பின்னாலேயே ஓடியிருக்கலாம். நின்றேன்.

சித்தியின் கார் கிளம்பிப்போன பிறகுதான், அடுப்பின்மேல் இருந்த சீப்பை எடுத்து, அந்த பிளாஸ்டர் வலது உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.

வரிக்கு ஒரு பல். ஒன்றுகூட விலகவில்லை.