மெழுகு ஆறுவதற்குள்

எல்லோரும் சுகந்தானே? மூட்டுவலிக்காரர்களைத் தனியாகவே விசாரிக்கிறேன். எனக்கு வலது சுட்டுவிரலில் ஒரு கொப்புளம், அவ்வளவுதான். அதற்குக் காரணம் என் பேத்தியின் கல்யாணப் பேச்சு.

பையன் ஈஸ்வர், ராசிங்காபுரம். பேச்சு இதுவரை தரகர் மூலமாகத்தான். பையன் சூடான மெழுகில் ஓவியம் வரைவான் என்று அவர் சொன்னதும் என் மகன் யோசிக்கவே இல்லை.

"எங்க முத்துப்பிரியாவும் அதேதான் வரைவா" என்றுவிட்டான்.

முத்துப்பிரியாவுக்கு ஓசூரில் வேலை. கோலம்கூட ஸ்டிக்கர்தான் ஒட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள், பையன் வரைந்த படத்தோடு. நம் வீட்டுச் சுவரிலும் ஒன்று தொங்க வேண்டாமா? இல்லையென்றால் வாசலிலேயே குட்டு உடைந்து, நல்ல சம்பந்தம் கைவிட்டுப் போகும்.

அதனால்தான் போடியில் கைவினைப் பள்ளிப் பட்டறையில் நான் போய் உட்கார்ந்தேன். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் உருக்கி, வண்ணம் கலந்து, பலகையில் பூச வேண்டும். அறை முழுக்கக் கோயில் வாசனை.

என் மேசையில் வீரலட்சுமி என்றொருத்தி. இருவருக்கும் ஒரே அடுப்புத்தட்டு. பொழுது போகவில்லை, அதனால் வந்தேன் என்றாள். நானும் அதையேதான் சொல்லியிருந்தேன்.

கடைசி நாள் என் பலகையை எட்டிப் பார்த்தாள்.

"என்ன பெரியம்மா, ஏலக்கா தூர்லதான காய்க்கும். நீங்க கொய்யா மாதிரி உச்சியில தொங்க விட்டிருக்கீங்க."

எனக்குத் தெரியாதா? மலையில் காய் எடுத்தே மகனைப் படிக்க வைத்தவள் நான். ஓசூர்ப் பிள்ளை வரைந்தால் இப்படித்தான் வரும்.

"நீ மட்டும் என்னாத்தா, பூவு செடின்னு போடாம ஆம்பளப்பய மாதிரி பைக்கப் போட்டு வச்சிருக்க?"

அவள் வாய் திறப்பதற்குள், சொல்லிக்கொடுக்கும் தமிழினி டீச்சர் குரல் கொடுத்தாள். மெழுகு ஆறுவதற்குள் அவரவர் பெயரை ஓரத்தில் ஊசியால் கீற வேண்டுமாம்.

இடது கையால் மறைத்துக்கொண்டு பேத்தி பெயரைக் கீறினேன். நீளப் பெயர். பாதியிலேயே மெழுகு இறுகியது. அவசரத்தில் விரல் தட்டில் பட்டுச் சுட்டது. கையை உதறினேன்.

'முத்துப்பிரி' என்பது வரை திறந்து கிடந்தது.

வீரலட்சுமி அதைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். தன் பலகைமேல் பொத்தி வைத்திருந்த உள்ளங்கையை எடுத்தாள். சூட்டுக்காற்று ஊதும் கருவியால் என் பலகையின் ஓரத்தை இளக்கிக் கொடுத்தாள்.

அவள் கை இருந்த இடத்தில், பைக் சக்கரத்துக்குக் கீழே, நிதானமான எழுத்தில்: ஈஸ்வர்.

"இளகி இருக்கும்போதே மிச்சத்தையும் எழுதிருங்க பெரியம்மா" என்றாள். "ஞாயித்துக்கெழம நாங்க எத்தன மணிக்கு வரட்டும்?"

"வெரசாவே வாங்க. படத்த வெயில்ல காட்டாமக் கொண்டாங்க."

உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குவதை உண்மையில் யார் செய்தது? எழுதுங்கள். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.