முகைதீன்பாவாவின் பெயருக்கு ஒரு மெக்ரோ

முகைதீன்பாவாவின் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் கதிரைகள் இறங்கிக்கொண்டிருந்தன. பள்ளிவாசலிலிருந்து சடலம் தூக்கும் சந்தூக்குப் பெட்டியும் வந்துவிட்டது. கபுறுக்குழி வெட்டுகிறவர் மையித்தின் உயரம் என்னவென்று விசாரித்தார்.

"அஞ்சரை அடி, தம்பி. கால் நீட்டப் போதும்" என்றார் முகைதீன்பாவா, தேத்தண்ணியை உறிஞ்சியபடி. கபுறு வெட்டுகிறவர் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

அறைக்குள் மருமகன் இன்பாஸ் மடிக்கணினியோடு மல்லுக்கட்டினான். பள்ளிவாசலின் ஜனாஸா என்னும் மரண அறிவித்தலை ஒரே பொத்தானில் எல்லாருடைய போனுக்கும் அனுப்ப, யூடியூபைப் பார்த்து எக்செலில் மெக்ரோ என்ற கட்டளைத் தொடர் எழுதப் பழகியிருந்தான். அதற்கு முன் எக்செலில் அவன் கூட்டல்கூடச் செய்ததில்லை.

ஒத்திகைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. மௌத் அறிவித்தலுக்குப் பெயரை இரவல் கொடுக்க ஊரில் ஒருவரும் சம்மதிக்கவில்லை.

"என்ட பேர அடி மகன்" என்று தாராளமாகக் கொடுத்தவர் மாமாதான். "இந்தப் பொத்தான அமத்தினா நிந்தவூருக்கும் போகுமா?" என்றும் கேட்டார்.

"எல்லா இடத்துக்கும் போகும் மாமா. அதான் அமத்தாம வெச்சிரிக்கன்."

இன்று நடுப்பகல் இன்பாஸ் லுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது, பள்ளிவாசல் முற்றத்தில் எல்லாருடைய போன்களும் ஒன்றாகக் கத்தின. மாமாவின் மௌத் அறிவித்தல்!

"திருப்பி எடுங்களன்!" என்றாள் மனைவி றிப்னா, வீட்டுக்கு ஓடிவந்தவனிடம்.

"மெக்ரோ செஞ்சத திருப்பி எடுக்க ஏலாதாம், புள்ள."

மறுப்பாவது அனுப்புவோம் என்று எதையோ மாற்றி அமத்தினான். அதே அறிவித்தல் மறுபடியும் போனது.

"வாப்பாவ ரெண்டாந்தரமும் மௌத்தாக்கிட்டீங்க" என்றாள் றிப்னா.

திரையில் மெக்ரோவின் ஒரு வரி பிழையென்று மஞ்சளாகி நின்றது. ஏனென்று சொல்ல ஊரில் ஆளில்லை. இருப்பதும் மாமா சீதனமாகக் கொடுத்த இதே வீட்டில். இனி அவர் முகத்தில் எப்படி முழிப்பது?

வாசலில் ஓட்டோ ஒன்று நின்றது. "காக்கா!" என்று கதறிக்கொண்டு இறங்கியவர் நிந்தவூர் ஜவுபர், மாமாவின் தம்பி. வயல் வரம்புத் தகராறில் றிப்னாவின் கலியாணத்துக்குக்கூட வராத மனிதர்.

கதிரையில் தேத்தண்ணி குடிக்கும் மையித்தைக் கண்டார். அழுகையை நிறுத்த மறந்து அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார்.

இன்பாஸ் கிட்டே போனான். "மாப்பு செய்ங்க மாமா. என்ன பிழையோ தெரியா, தானா ஓடிட்டு."

முகைதீன்பாவா தம்பியை விடாமலே மருமகனின் காதுப்பக்கம் சாய்ந்தார்.

"தானா ஓடல்ல மகன். நான்தான் அமத்தின."