முதல் சீட்டு

‘காப்பி ஆறுவதற்குள் கேட்டுவிடுவார். கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்’ என்று நாகவல்லி தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

எதிரே நாற்காலியின் நுனியில் எத்திராஜ் உட்கார்ந்திருந்தார். சட்டசபையில் கடைசி வரிசையில் அவளுக்கு அடுத்த இடம் அவருடையது. ஆற்றுக்கு அக்கரையில், பருத்திப்பட்டில் பயிர் வைத்திருப்பவர். கரையான்சாவடியில் இருக்கும் அவள் வீட்டுக்கு இந்த இரண்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் வந்திருக்கிறார்; அதுவும் முழங்கால் வரை சேற்றோடு.

“ஆத்துல தண்ணி வந்துடுச்சா அண்ணாத்தே?”

“முட்டிக்கு மேல கீது. நாளைக்கு இன்னும் ஏறும். தோ பாரு, உன் ஊட்டுத் தரையெல்லாம் நாத்து நடலாம் போல ஆக்கிட்டேன்.”

“இருக்கட்டும். காப்பியைக் குடிங்க.”

அவர் டம்ளரைத் தொடவில்லை.

“தங்கச்சி, நீ ராசிக்காரி. யாரு தீர்மானம் முதல்லன்னு டப்பாவுல முப்பத்தோரு சீட்டு. குலுக்கி எடுத்தா முதல் சீட்டு உன் பேரு. நான் மூணாவது.”

“நானும் அங்கேதானே இருந்தேன்.”

“வாரம் பூரா சர்க்காரு வேலைக்கு எடுத்துக்கினு, நம்மளை மாதிரி பின்னாடி குந்திகினு கீறவங்களுக்கு ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. முதல் தீர்மானத்தைப் பேசி முடிக்கவே பொழுது பூடும். மூணாவது எங்கே வரப்போவுது?”

அது அவளுக்கும் தெரியும். முந்திய இரண்டு கூட்டங்களிலும் அவருடைய தீர்மானம் அச்சில் வந்ததோடு சரி, முறை வரவில்லை. இந்தத் தடவை போனால் போனதுதான். சீமையில் சண்டை மூண்டுவிட்டது. சபையையே மூடிவிடப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

எத்திராஜ் மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார்.

“ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா இடத்தை மாத்திக்கலாமாம். ஆபீசுல கேட்டுகினு வந்தேன். நான் போட்டுட்டேன். நீ போட்டா முடிஞ்சிது.”

நாகவல்லி காகிதத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

“உன் தீர்மானம் இன்னான்னு நாளைக்குத்தான் அச்சுல வரும். ஆனா எனக்குத் தெரியாதா? பொம்பளைப் பசங்க பள்ளிக்கூடத்துக்குத் தையல் மிஷின். போன கூட்டத்துலயும் அதைத்தானே கேட்டே! கோவிச்சுக்காதே, தையல் மிஷின் ஒரு வருசம் காத்துகினு இருக்கும். அதுக்குள்ள ஊசி துருவா பிடிச்சிடும்?” என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “பாலம் காத்துகினு இருக்காது தங்கச்சி. எனக்கு அறுபத்து மூணு.”

பட்ஜெட் விவாதத்தில் அவருக்கு ஐந்து நிமிஷம் கொடுத்த நாள் அவள் நினைவில் வந்தது. “கனம் சபாநாயகர் அவர்களே, போன ஐப்பசியில் என் சம்சாரம் பொன்னம்மாள்...” என்று ஆரம்பித்தவர், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மணி அடிக்கும் வரை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் மட்டும் அவர் விரல்களைப் பார்த்தாள்.

“அன்னிக்குப் பூந்தமல்லி டாக்டரு இந்தக் கரையில குடை பிடிச்சிகினு நின்னாரு. அந்தக் கரையில வண்டிக்குள்ள அவ. கூப்பிட்டா கேக்கற தூரம். ‘தோ டாக்டரு தெரியறாரு பாரு, தோ வந்துடுவாரு’ன்னு நான் காட்டிகினே...”

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

‘போட்டுக் கொடுத்துவிடேன். ஒரு பெயர் எழுத எத்தனை நேரம்?’ என்றது அவள் மனம். தினமும் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, பாதியை யாரும் பார்க்காமல் மேஜைக்கடியில் அவள் பக்கம் நகர்த்தும் மனிதர். நாளை நகர்த்துவாரா? இத்தனை பெரிய விஷயத்துக்கு நடுவில் தனக்கு வேர்க்கடலைக் கவலை வந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்தக் கவலைதான் வலித்தது.

“என்னால முடியாது, அண்ணாத்தே.”

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை.

“சரிம்மா. உன் முறை, உன் இஷ்டம்” என்று காகிதத்தை மடித்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பினார். “தையல் மிஷின்தான்னு உன் வாயால ஒரு தடவை சொல்லிடு. மனசு ஆறிப்பூடும்.”

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. நாளை அச்சில் வரும் வரை மறைத்துவிடலாம் என்று நினைத்திருந்தாள், இனி முடியாது. சபைக்கு அனுப்பியதன் நகலை அலமாரியிலிருந்து எடுத்து நீட்டினாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். “பருத்திப்பட்டில் ஆற்றின் குறுக்கே, மழைக்காலத்திலும் வண்டிகள் கடக்கும்படி, சர்க்கார் செலவில் ஒரு பாலம்...”

அவருடைய தீர்மானம். ஒரு சொல் மாறவில்லை.

எத்திராஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அப்போ நானே பேசறேன் தங்கச்சி. போடு கையெழுத்து” என்று காகிதத்தை மறுபடியும் பிரித்தார்.

அன்று மேஜை விளிம்பைப் பிடித்திருந்த அந்த விரல்களோடு சேர்த்து நாகவல்லி காகிதத்தை மெல்ல மூடினாள். “வேணாம் அண்ணாத்தே. பொன்னம்மா அக்காவைப் பத்தி நான் பேசறேன். நீங்க பக்கத்துல உக்காந்து கேளுங்க.”