ராஜாவின் மறுபாதி

கையில் சிறிய வெல்வெட் பெட்டியோடு ஹெஸ்டரின் முன்னால் மண்டியிட்டேன். முழங்கால் 'கடக்' என்றது. கம்பளத்தில் தூங்கிய பூனை பதறி எழுந்து ஓடியது.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா, ஹெஸ்டர்?"

"சரின்னுதான் சொல்லப் போறேன், முதல்ல எழுந்திரிங்க! மூட்டு அப்படியே பிடிச்சுக்கிச்சுன்னா ஆம்புலன்ஸ்தான் வரணும்." அவள் கண் கலங்கியிருந்தது.

அறுபத்தெட்டு வயதில் எனக்குக் காதல் வந்துவிட்டதென்று இங்கிலாந்தின் லிங்கன் நகர நாணயச் சங்கமே சிரித்தது. காதல் வந்தது நிஜம்தான். ஆனால் ஹெஸ்டர் மேல் இல்லை. அவளுடைய காலமான கணவர் கிளெமென்ட் விட்டுப்போன அரைக் காசின் மேல்.

ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், நார்மன் ராஜா வில்லியம் காலத்தில் சில்லறை வேண்டுமென்றால் வெள்ளிப் பென்னியையே இரண்டாக வெட்டிவிடுவார்கள். அப்படி ஒரு பாதியை ஊருக்கு வெளியே பீட்ரூட் வயலில் நான் கண்டெடுத்தேன். அந்தப் பாதியில் ராஜாவின் முகத்துக்கு ஒரே கண். அதே வயலில் கிளெமென்டுக்கும் ஒரு பாதி கிடைத்தது; என் காசின் மறுபாதி அதுதான் என்று நான் நம்பினேன். மனுஷன் அதை யாருக்கும் காட்டியதில்லை. விலைக்குக் கேட்டால், "போய்யா, உன் பாதியை நீ எனக்குக் குடு" என்று துரத்துவார்.

அவர் போய்ச் சேர்ந்ததும் துக்கம் விசாரிக்கப் போன நான், திரும்பத் திரும்பப் போனேன். வாய் கூசும் ருபார்ப் கேக்கை 'இன்னொரு துண்டு' என்று கேட்டு வாங்கித் தின்றேன். அவளுக்காகத் தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்து, மற்றவர்கள் மெல்ல நகர்ந்து நிற்கும்படி பாடினேன்.

பாவம், அவளும் நம்பினாள். "உங்க காசையெல்லாம் பாங்க் லாக்கர்ல வெச்சிருக்கீங்களா, வீட்லயா? திருடன் வந்துடப் போறான்" என்று அடிக்கடி கவலைப்படுவாள்.

இப்போது பெட்டியைத் திறந்தாள். உள்ளே மோதிரம் இல்லை. என் அரை ராஜா படுத்திருந்தார்.

"நாம சேர்ற நாள்ல இதுங்களும் ஒண்ணு சேரட்டுமே" என்றேன், குரலை நடுங்கவிட்டு. கண்ணாடி முன்னால் எத்தனையோ முறை ஒத்திகை பார்த்த வசனம் அது.

ஹெஸ்டர் மாடிக்கு ஓடினாள். மூட்டுவலிக்காரி இரண்டிரண்டு படியாகத் தாவியதைப் பார்த்ததும், என் மேல் இவ்வளவு ஆசையா என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இரண்டு பாதிகளையும் மேஜை விளக்கின் கீழே வைத்தோம். இப்படித் திருப்பினோம், அப்படித் திருப்பினோம். சேரவில்லை. என்னுடையதில் ராஜாவின் இடது கண். அவளுடையதிலும் இடது கண்.

காசு போனால் போகட்டும், இந்த நல்ல மனுஷியிடம் இனி எப்படிப் பின்வாங்குவது? தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

ஹெஸ்டர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடக் கடவுளே! இதுக்காகவா எட்வின், ஒரு வருஷமா உங்க ஜோக்குக்கெல்லாம் சிரிச்சேன்?"