கழித் தண்ணீர்

"பாலை மரத்து வேர்ல கட்டின ஒட்டுக் கன்னு, உப்புக்கு அசையாது! கடலையே குடிச்சுட்டுத் தொட்டுக்க ஊறுகாய் கேக்கும்!" என்று தன் சப்போட்டாக் கன்றைப் பற்றி மாசிலாமணி ஊரெல்லாம் பீற்றினார். மனைவி தையல்நாயகி மட்டும் நம்பவில்லை. அந்தக் கன்றுக்கு நல்ல தண்ணீர் சுமக்க அவளைத் தினமும் அடுத்த ஊர்க் குளத்துக்கு விரட்டியதே அவர்தான். முன்பு வைத்த கன்றுகளைப் போல இதுவும் கருகினால், உப்பேறிய அவர்கள் நிலத்தை இறால் வளர்க்கும் குட்டைக்கு விற்க வேண்டியதுதான். சித்திரையில் அவளுக்கு இடுப்பு விட்டுப்போனது. சாகிறது சாகட்டும் என்று, வீட்டெதிரே ஓடும் உப்பங்கழியிலேயே தினமும் குடத்தில் மொண்டு ஊற்றினாள்.

ஆடியில் கன்று கொழுகொழுவென்று தளிர்விட்டது. "பாத்தியாடி, நல்ல தண்ணியோட மகிமைய!" என்று குதித்தார் மாசிலாமணி.

தையல்நாயகி அலுப்போடு உட்கார்ந்தாள். "நல்ல தண்ணியா? மூணு மாசமா அது குடிச்சது கழித் தண்ணிங்க. நீங்க பீத்தினது நெசந்தான்."