கட்டைவிரல் முத்திரை

“மாமா, இது பிராந்தியா, வாய் கொப்பளிக்கிற தண்ணியா?”

கல்லாவுக்கு முன்னால் பாட்டிலை ‘டொக்’கென்று வைத்தார் மாப்பிள்ளை. கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியவர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மேசையில் அவருடைய தேநீர்க் கெட்டில். ஊருக்கே ஒயினும் பிராந்தியும் விற்றாலும், கடையை நடத்துகிறவர் ஒரு சொட்டுக் குடிக்கக் கூடாது என்பது தாத்தா போட்ட சட்டம். பெரியவருக்கு நாள் முழுக்கப் பால் விடாத தேநீர்தான்.

“குரலைத் தாழ்த்திப் பேசுங்க மாப்பிள்ளை. நிக்கிற இடம் எதுன்னு தெரியுதா?”

“ஏன் தெரியாம? நூறு வருஷக் கடை. பேரு பெரிசு, சரக்கு பூஜ்யம்! முன்னெல்லாம் ரெண்டு கிளாஸ்லயே தலை கிறுகிறுக்கும். இப்போ பாதி பாட்டில் போட்டாலும் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கேன். போன மாசத்தைவிட இந்த மாசம் இன்னும் மோசம்.”

சவரம் செய்த முகமும் தெளிந்த கண்களுமாக நின்று நியாயம் கேட்டார் மாப்பிள்ளை. ஒயின் வாங்க வந்திருந்த வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

பெரியவர் எழுந்தார். காது மடல்கள் சிவந்திருந்தன.

“எங்க தாத்தா தள்ளுவண்டியில ஒத்தப் பீப்பாயை வெச்சு ஆரம்பிச்ச வியாபாரம் இது. வேலையாள் ஒருத்தன் அதுல ஒரு குடம் தண்ணி ஊத்திட்டான்னு தெரிஞ்சதும், மொத்தப் பீப்பாயையும் நடுத்தெருவுல கோடாலியால உடைச்சார். தெருநாயெல்லாம் மறுநாள் வரைக்கும் தள்ளாடுச்சு! சண்டைக் காலத்துல நல்ல சரக்கு வராதப்போ, மட்டமானதை விக்க மனசில்லாம எங்க அப்பா கடையைச் சாத்திட்டு, அம்மா நகையை வித்துக் குடும்பம் நடத்தினார். அந்தக் கடையில நின்னு கலப்படம்னு சொல்றீங்க!”

“நான் எங்க சொன்னேன்? நீங்கதான் சொல்றீங்க.”

பெரியவர் பாட்டில் கழுத்தில் ஒட்டியிருந்த சிவப்பு அரக்கைப் பெயர்த்து வக்கீலிடம் நீட்டினார்.

“நீங்களே பாருங்க சார். இதுல இருக்கிறது என் கட்டைவிரல் ரேகை. இந்தக் கையைத் தாண்டி ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போக முடியுமா?”

“முடியவே முடியாதுங்க. உங்க முத்திரைன்னா கோர்ட்டே மறுபேச்சு பேசாது” என்றார் வக்கீல்.

“அப்போ சரி. இனிமே எதிர்க் கடையில வாங்கிக்கிறேன். அங்க காசு குடுத்தா போதை கிடைக்குது. இங்க ஓசியில சரித்திரம்தான் கிடைக்குது!”

பெரியவர் மேசையில் ஓங்கி அறைந்தார். கெட்டிலின் மூடி துள்ளி விழுந்தது.

“இந்த வீட்டு மாப்பிள்ளை எதிர்க் கடை வாசல்ல நின்னார்னு ஒரு வார்த்தை என் காதுல விழட்டும், அன்னிக்கே இந்தக் கடையை இழுத்துப் பூட்டிடுவேன்! மூணு தலைமுறை மானம். நீங்க தொடுற பாட்டில்ல என் முத்திரை இருக்கணும். சாயங்காலம் புது பாட்டில் வீடு தேடி வரும். கிளம்புங்க!”

மாமனார் இப்படிக் கொதித்து மாப்பிள்ளை பார்த்ததே இல்லை. “சரி சரி, அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துறீங்க?” என்று முணுமுணுத்தபடி படியிறங்கிப் போனார்.

“கடைப் பேருக்கு ஒண்ணுன்னா உங்களுக்குத் தாங்காதே” என்று வக்கீலும் விடைபெற்றார்.

பெரியவர் கெட்டிலை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். முத்திரை போடும் மேசைக்கு மேலே தாத்தாவின் படம். அதற்குக் கீழே மகள் அரக்கை உருக்கிக்கொண்டிருந்தாள்.

“நிஜமாவே எதிர்க் கடைக்குப் போயிடுவாரோன்னு பயந்துட்டேன்ப்பா. நேத்துதான் கை நடுங்காம பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டார்.”

“போக மாட்டார்மா.”

பெரியவர் தாத்தாவின் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினார். பிறகு, புது பாட்டிலில் பாதிக்கு மேல் பிராந்தியைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, கெட்டிலில் ஆறிப்போயிருந்த தேநீரை அதில் கழுத்துவரை நிரப்பி மூடி, சூடான அரக்கில் கட்டைவிரலை அழுத்தினார்.